மாரிஸ் மைனர் இன்ஜினின் அசல் பச்சை: நிறம் ஒத்துவராதபோது தவறை எங்கே தேடுவது

பழைய காரைப் புதுப்பிக்கிறவர்கள் வெளி நிறத்துக்காக மாதக்கணக்கில் அலைவார்கள். இன்ஜின் என்று வந்ததும், "பச்சைதானே, ஒரு டப்பா வாங்கி அடிச்சுருவோம்" என்று முடித்துவிடுவார்கள். ஆனால் பானட்டைத் தூக்கியதும் முதலில் கண்ணில் விழுவது இன்ஜின்தான். அந்தப் பச்சை தப்பாக இருந்தால் புது ஒயரிங், புது ஹோஸ் எதுவும் எடுபடாது.

மதுரையில் என்னிடம் இருப்பது மாரிஸ் மைனர் 1000 என்ற பழைய பிரிட்டிஷ் கார். அதில் இருப்பது ஏ-சீரிஸ் என்ற வகை இன்ஜின், 948 சி.சி. இந்த இன்ஜினுக்கு மூன்று தடவை பெயிண்ட் அடித்தேன், இரண்டு தடவை சுரண்டி எடுத்தேன். அந்த இரண்டு தடவையும் தவறு நிறத்தைக் கலந்ததில் இல்லை. ஒருமுறை மாதிரி தப்பு, மறுமுறை வெளிச்சம் தப்பு. நிறம் பொருந்தவில்லை என்றால் எல்லோரும் கலவையைத்தான் மாற்றிக்கொண்டே போகிறார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. உங்கள் இன்ஜினில் தெரியும் அறிகுறி கீழே எங்கே இருக்கிறதோ அங்கிருந்து தொடங்கலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

கழுவக் கொடுப்பதற்கு முன்னால்

இன்ஜினை இறக்கியதும் பிளாக்கை, அதாவது இன்ஜினின் வார்ப்பு இரும்பு உடலை, வாஷிங்குக்கு அனுப்பாதீர்கள். அசல் நிறத்துக்கு இருக்கும் ஒரே சாட்சி அந்த அழுக்கில்தான் இருக்கிறது. ஒரு நாள் முழுக்க அதற்கென்று ஒதுக்குங்கள். டார்ச், மண்ணெண்ணெய், பழைய பல் துலக்கும் பிரஷ், மூங்கில் குச்சி போதும். இரும்பு ஸ்க்ரேப்பர் வேண்டாம்.

வெயிலும் சூடும் பெட்ரோலும் படாத இடங்களில்தான் பழைய பெயிண்ட் பிழைத்திருக்கும். டைனமோ பிராக்கெட்டுக்குப் பின்புறம், வாட்டர் பம்பின் அடிப்பக்கம், ஆயில் ஃபில்டர் அமரும் இடத்தைச் சுற்றி, இன்ஜின் மவுண்டிங்கின் உள்மடிப்பு, டேப்பட் கவரின் கீழ் விளிம்பு. இன்ஜின் எண் பொறித்த தகட்டையும் கழற்றிப் பாருங்கள். தகட்டுக்கு அடியில் பெயிண்ட் இருந்தால், பெயிண்ட் அடித்த பிறகு தகடு ஏறியிருக்கிறது என்று பொருள். அதைப் போல நல்ல மாதிரி வேறு கிடைக்காது. அங்கே வெறும் இரும்பு இருந்தால் தகடு முதலில் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

எண்ணையும் அப்போதே படித்துக்கொள்ளுங்கள். மைனர் 1948இல் 918 சி.சி. சைடு வால்வு இன்ஜினோடு வந்தது. 1952இல் 803 சி.சி., 1956இல் 948, 1962இல் 1098 என்று மாறியது. 9எம் என்று தொடங்கினால் 948, 10எம்.ஏ. என்றால் 1098. வண்டி ஒரு வருடம், இன்ஜின் வேறு வருடம் என்றால் நீங்கள் தேட வேண்டிய நிறமே மாறக்கூடும். எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரையே பாருங்கள். 1962இல் வந்தபோது அதன் இன்ஜின் மெரூன். பிற்பாடு வந்தவற்றில் கறுப்பு. இரண்டும் அசல்தான்.

அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கும் வழிமுறை இதுதான். நிறத்தை மட்டும் என் இன்ஜினைப் பார்த்து எடுக்க வேண்டாம், உங்கள் இன்ஜினைக் கேளுங்கள்.

அறிகுறி: கிடைத்த பழைய பெயிண்ட் பச்சையாக இல்லை, காக்கியாக இருக்கிறது

நான் முதலில் விழுந்த குழி இது. ரீபோர் செய்ய, அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க, கொடுத்த இடத்தில் பிளாக்கைக் காஸ்டிக் சோடாத் தொட்டியில் போட்டுக் கழுவிவிட்டார்கள். நானும் வேண்டாம் என்று சொல்லி வைக்கவில்லை. திரும்பி வந்தபோது பிளாக் வெள்ளை வெளேரென்று இருந்தது. இடுக்குகளில் மட்டும் திட்டுத் திட்டாகப் பெயிண்ட் ஒட்டியிருந்தது, புளியங்காய் ஓடு மாதிரி ஒரு மண்ணிறத்தில். பெயிண்டர் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது பச்சையே இல்ல, மிலிட்டரி காக்கி" என்றார். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. அதை வைத்து நிறம் கலந்து, அடித்து, காய வைத்தும் ஆயிற்று.

நாலு நாள் கழித்து போல்ட்டுகளைத் தேடும்போது பிஸ்கட் டின்னில் டேப்பட் கவர் கிடைத்தது. தகரத்தில் செய்த சின்ன மூடி அது. வாஷிங்குக்குப் போகாமல் தப்பியிருந்தது. கீழ் விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கு தார் போல இறுகியிருந்தது. மண்ணெண்ணெயில் ஊற வைத்து மூங்கில் குச்சியால் தள்ளினேன். கால் அங்குல அகலத்துக்கு உள்ளே இருந்து முற்றிய மாவிலை நிறத்தில் பச்சை வந்தது. ஈரத்தோடு அந்த இடம் மட்டும் பளிச்சென்று நின்றது. அடித்து முடித்த பிளாக்கின் பக்கத்தில் அதை வைத்தபோதுதான் எவ்வளவு தூரம் தவறியிருக்கிறேன் என்று தெரிந்தது.

காரணம் இதுதான். அந்தக் காலத்துப் பச்சைப் பெயிண்டுகள் பல, குரோம் மஞ்சளையும் பிரஷ்யன் நீலத்தையும் சேர்த்துச் செய்தவை. பிரன்ஸ்விக் பச்சை என்று பெயிண்ட் அட்டவணைகளில் இருப்பது இந்த வகை. பிரஷ்யன் நீலத்துக்குக் காரம் ஆகாது. காஸ்டிக் பட்டால் அதிலுள்ள நீலம் சிதைந்து துருப்பழுப்பாகிவிடும். குரோம் மஞ்சளும் காரத்தில் ஆரஞ்சுப் பக்கம் சாயும். பச்சையிலிருந்து நீலத்தை எடுத்துவிட்டுப் பழுப்பைப் போட்டால் காக்கிதான் வரும். ஆகவே காஸ்டிக் கண்ட பெயிண்டை மாதிரியாக எடுக்கவே கூடாது. சலவைச் சோடாவும் அப்படித்தான். மண்ணெண்ணெய், அதன் பின் பாத்திரம் கழுவும் லேசான சோப்பு நீர், இவற்றோடு நிறுத்துங்கள்.

உங்கள் பச்சை இந்த வகையா என்று பார்க்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. தேவையில்லாத ஒரு சில்லை எடுத்து, மேல்தோலை வாட்டர் பேப்பரால் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) லேசாகத் தேய்த்துவிட்டு, வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பை ஒரு பொட்டு ஈரமாக வைத்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் கழுவிப் பார்த்தால், பொட்டு வைத்த இடம் பழுத்திருக்கிறதா என்று தெரியும். என் சில்லில் அந்த வட்டம் தெளிவாகவே பழுத்திருந்தது. இந்தச் சோதனைக்குப் பின்னால்தான் காக்கிக் கதை எனக்கு முழுசாகப் புரிந்தது.

ஒரு எச்சரிக்கை. குரோம் மஞ்சள் என்பது ஈயச் சேர்மம். இந்தப் பழைய பெயிண்டை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும். கம்ப்ரசர் காற்றால் ஊதக் கூடாது, குழந்தைகள் புழங்கும் திண்ணையில் இந்த வேலை கூடாது.

அறிகுறி: சுரண்டினால் நாலு நிறம் வருகிறது, எது அசல்?

மோட்டார் வேலை மதுரைக்குப் புதிதில்லை. டி.வி.எஸ். என்று பெயர்பெற்ற டி.வி.சுந்தரம் ஐயங்கார் நிறுவனம் இங்கே தொடங்கியது 1911இல். அன்றிலிருந்து பட்டறைகளும் கைத்தேர்ந்த ஃபிட்டர்களும் இங்கே நிறைய. அதனாலேயே நம் பக்கத்து இன்ஜின்கள் பல தடவை பிரிக்கப்பட்டவை. ஒவ்வொரு தடவை பிரித்து மூட்டும்போதும், வேலை சுத்தமாகத் தெரிய ஒரு கை பெயிண்ட் அடித்து அனுப்புவது வழக்கம். பெரும்பாலும் சில்வர். சில சமயம் கைக்குக் கிடைத்த ஏதோ ஒரு பச்சை.

அடுக்குகளைப் பிரித்துப் பார்க்க, சுரண்டாமல் குழித்துத் தேய்க்க வேண்டும். 400 வாட்டர் பேப்பரைச் சுண்டுவிரல் நுனி அளவுக்கு மடித்து, தண்ணீர் விட்டு, ஒரே இடத்தில் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போங்கள். இரும்பு தெரிந்ததும் நிறுத்தி, 800, 1000 என்று மாற்றி ஓரத்தைச் சரிவாக்குங்கள். பத்து ரூபாய் நாணயம் அளவில் ஒரு கிண்ணம் கிடைக்கும். அதில் ஒவ்வொரு அடுக்கும் ஒரு வளையமாக, வெட்டிய மரத்தின் ஆண்டு வளையம் மாதிரி தெரியும். வெளியே சில்வர், உள்ளே கிளிப்பச்சை, அதற்கும் உள்ளே முற்றிய பச்சை, நடுவில் இரும்பு. இதுதான் என் இன்ஜினின் முன் தகட்டில் நான் கண்டது.

இரும்பை ஒட்டிய வளையம் எப்போதும் அசல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருகாலத்தில் யாராவது முழுசாகச் சுரண்டிவிட்டு அடித்திருந்தால் அடி அடுக்கே புதிதாக இருக்கும். இதைக் கண்டுபிடிக்க, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று பாகங்களில் குழித்துப் பாருங்கள். மூன்றிலும் அடியில் ஒரே நிறம் என்றால் நம்பலாம். செங்காவி நிறத்தில் ஒரு அடுக்கு இருந்தால் அது ரெட் ஆக்சைடு பிரைமராக இருக்கலாம், அதை நிறக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

தங்க நிறம் வந்தால் பயப்பட வேண்டாம். பிரிட்டனில் தொழிற்சாலையே புதுப்பித்து, பழைய இன்ஜினுக்கு மாற்றாகக் கொடுத்தவற்றுக்கு கோல்டு சீல் என்று பெயர். அவற்றைத் தங்க நிறத்தில்தான் அடித்தார்கள். அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால் அதைப் பச்சையாக்குவதா வேண்டாமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். என்னைக் கேட்டால் தங்கத்திலேயே விடுவேன். அதுவும் அந்த இன்ஜினின் வரலாறுதானே.

அறிகுறி: கம்ப்யூட்டர் மெஷினில் காட்டிக் கலந்த பெயிண்ட் மாதிரியோடு ஒட்டவில்லை

கடையில் இருக்கும் மெஷின் பொய் சொல்வதில்லை. அதன் கண்ணுக்கு முன்னால் என்ன வைத்தோமோ அதைச் சொல்கிறது. எண்ணெய் ஊறிய, சொரசொரப்பான, அரை அங்குலச் சில்லை வைத்தால் அழுக்கையும் நிழலையும் சேர்த்து அளந்துவிடும். தட்டையான இடம் வேண்டும், அளக்கும் துளையை முழுசாக மூடும் அகலம் வேண்டும். மாதிரியை ரப்பிங் காம்பவுண்டால் மென்மையாகத் தேய்த்து, மேலே இருக்கும் செத்த தோலை எடுத்துவிட்டுக் கொடுங்கள். ஒரே இடத்தில் மூன்று தடவை அளக்கச் சொல்லுங்கள். மூன்றும் கிட்டக்கிட்ட வந்தால் சரி. விலகினால் மாதிரி இன்னும் சுத்தமாகவில்லை.

இன்னொன்று. அசல் மாதிரியே மஞ்சள் பாய்ந்திருக்கும். எண்ணெய் கலந்த எனாமல், இருட்டிலும் சூட்டிலும் பல வருடம் இருந்தால் மஞ்சளாகும். நாம் மாதிரி தேடியதே வெயில் படாத இருட்டு இடத்தில்தான் என்பதால் இதில் தப்ப முடியாது. நல்லவேளையாக, இந்த மஞ்சளில் ஒரு பங்கை வெயில் திரும்ப எடுத்துவிடும். கழற்ற முடிந்த பாகம் என்றால் பாதியை அலுமினியத் தாளால் மூடி மொட்டை மாடியில் நாலைந்து நாள் வையுங்கள். நம்ம ஊர் வெயில் இந்த ஒரு வேலைக்கு உதவும். தாளை எடுத்ததும் இரண்டு பாதிக்கும் வித்தியாசம் தெரிந்தால், வெயில் பட்ட பாதிதான் தொழிற்சாலையிலிருந்து வந்த நிறத்துக்குக் கிட்ட நிற்கிறது. அந்தப் பாதியை அளக்கக் கொடுங்கள். என் டேப்பட் கவர் மூடியில் வித்தியாசம் நன்றாகவே இருந்தது. மூடிய பாதி பழைய வெண்ணெய்த்தாள் போட்டுப் பார்த்த மாதிரி மங்கல், திறந்த பாதி ஒரு சாயல் நீலம் கூடியது.

அறிகுறி: கடையில் அச்சாகப் பொருந்தியது, வெயிலில் வேறாக இருக்கிறது

இதில்தான் இரண்டாம் தடவை சுரண்டினேன். ராத்திரி ஏழு மணிக்கு டியூப்லைட்டில் பார்த்து, "அப்படியே இருக்கு" என்று வாங்கி வந்துவிட்டேன். காலையில் வாசலில் வைத்துப் பார்த்தால் அசல் பச்சை மஞ்சள் பக்கம், என் பச்சை நீலப் பக்கம்.

பழைய பச்சை ஒரு கூட்டணியில் ஆனது, இன்றைய பச்சை வேறு கூட்டணியில் ஆனது. இப்போது பெரும்பாலும் தாலோ பச்சை என்ற செயற்கை நிறமியும் கரிம வகை மஞ்சளும் போடுகிறார்கள். இரண்டு கலவையும் ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்து, இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும். ஈயமில்லாத பெயிண்டில் இதை முழுக்க ஒழிக்க முடியாது. அதனால், எந்த வெளிச்சத்தில் பொருந்த வேண்டும் என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். பானட்டை யாரும் இருட்டில் திறந்து பெருமைப்படுவதில்லை. காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள், நேர் வெயில் விழாத திறந்த நிழலில், வடக்குப் பார்த்து நின்று ஒப்பிடுங்கள். அங்கே பொருந்தினால் போதும். டியூப்லைட்டில் கொஞ்சம் விலகினாலும் விட்டுவிடுங்கள். சாயங்கால மஞ்சள் வெயிலில் எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

ஒப்பிடும்போது ஒரு வெள்ளை அட்டையில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, மாதிரியும் சோதனைத் தகடும் சேரும் கோட்டின் மேல் வையுங்கள். சுற்றியிருக்கும் நிறங்கள் மறைந்து இரண்டு பச்சை மட்டும் கண்ணுக்குத் தெரியும். இரண்டின் மேலும் ஒரு துளி தண்ணீரைத் தடவிப் பாருங்கள். பளபளப்பு சமமாகி, நிறத்தில் மட்டும் இருக்கும் வித்தியாசம் வெளியே வரும்.

அறிகுறி: நிறம் கிட்டத்தட்ட வந்துவிட்டது, ஆனாலும் ஏதோ உறுத்துகிறது

பல நேரம் இங்கே தவறு நிறத்திலேயே இருக்காது, பளபளப்பில் இருக்கும். புதுப் பெயிண்ட் முழுப் பளபளப்பாக வரும். தொழிற்சாலையில் வார்ப்பு இரும்பின் மேல் அடித்தது அவ்வளவு மின்னாது. கண்ணாடி போல் மின்னும் பச்சை, உண்மையில் இருப்பதைவிட ஆழமாகத் தெரியும். பளபளப்பைக் குறைக்கும் மேட் பேஸ் சேர்த்து அரைப் பளபளப்புக்குக் கொண்டு வாருங்கள். தின்னரைக் கூட்டி மங்க வைப்பது தப்பு, படலம் மெலிந்து சீக்கிரம் உரியும். பிளாக்கின் சொரசொரப்பைப் பட்டி பூசி வழவழப்பாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தச் சொரசொரப்பில் விழும் பொடி நிழல்கள்தான் இன்ஜின் பச்சைக்கு அதன் கனத்தைக் கொடுக்கின்றன. இதனாலேயே சோதனையை மழமழ தகரத்தில் செய்யாமல் வார்ப்பு இரும்பில் செய்ய வேண்டும். பழைய இரும்புக் கடையில் தேய்ந்துபோன பிரேக் டிரம் ஒன்று எடைக்கு வாங்கினேன். அதில் ஒன்பது சோதனை அடித்தேன்.

நிறமே கொஞ்சம் விலகியிருந்தால் கையால் சரிசெய்யலாம். 100 கிராம் பெயிண்டை எடுத்து, 0.1 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசில் வைத்து வேலை செய்யுங்கள். சொட்டுக் கணக்கு நம்பகமில்லை. நீலம் தூக்கலாக இருந்தால் எலுமிச்சை மஞ்சள் போடாதீர்கள், கிளிப்பச்சைக்கு ஓடிவிடும். மஞ்சள் ஆக்சைடு, அதாவது காவி கலந்த மஞ்சள், அரை கிராம் போட்டுப் பாருங்கள். பச்சை கத்துகிற மாதிரி இருந்தால் எல்லோரும் கறுப்பைப் போடுவார்கள். கறுப்பு போட்டால் அழுக்காகும். ரெட் ஆக்சைடு ஒரு துளி போதும், பச்சையும் சிவப்பும் ஒன்றையொன்று அடக்கி நிறம் அமைதியாகும். ஒவ்வொரு சேர்க்கையையும் நோட்டில் எழுதுங்கள். ஈரத்தில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், எனாமல் காய்ந்ததும் பெரும்பாலும் ஒரு சாயல் கறுக்கும்.

அறிகுறி: ஓட்டிய ஒரு மாதத்தில் நிறம் மாறுகிறது

எங்கே மாறுகிறது என்பதுதான் கேள்வி. பிளாக்கில் ஓடும் தண்ணீர் 80, 90 டிகிரி செல்சியஸில் நிற்கும். பிளாக்கின் மேல் அமரும் ஹெட்டில், புகை வெளியேறும் துளையான எக்ஸாஸ்ட் போர்ட்டை ஒட்டிய இடம் இதைவிட நன்றாகவே சூடு. அந்தப் புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு குழாய் சில நூறு டிகிரி போகும். வாசல் இரும்புக் கேட்டுக்கு அடிக்கும் சாதாரண சிந்தெடிக் எனாமலை இன்ஜினில் அடித்தால் போர்ட்டைச் சுற்றி முதலில் மஞ்சளாகி, அப்புறம் பழுப்பாகும். மேனிஃபோல்டுக்குப் பச்சை அடிக்கவே வேண்டாம், அங்கே எந்தப் பச்சையும் நிற்காது. வெறுமனே விடலாம், இல்லையென்றால் 600 டிகிரி தாங்கும் சிலிக்கோன் அலுமினியப் பெயிண்ட்.

மஞ்சள் ஆக்சைடைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிளாக்கின் சூட்டுக்கு அது தாங்கும். 180 டிகிரியைத் தாண்டினால் சிவக்கத் தொடங்கும். காளவாசலில் மண் சிவப்பதும் இதே காரணத்தால்தான், மண்ணில் உள்ள மஞ்சள் இரும்பு ஆக்சைடு தண்ணீரை இழந்து சிவப்பாகிறது. அதனால் ஹெட்டுக்கு அடிக்கும் கலவையில் அதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சூட்டை முன்கூட்டியே சோதிக்கலாம். புதூர் சிட்கோ பக்கமோ கப்பலூர் பக்கமோ பவுடர் கோட்டிங் பட்டறையில் கேளுங்கள். அவர்கள் வேலை முடிந்து ஓவன் ஆறிக்கொண்டிருக்கும்போது, 120, 130 டிகிரியில் சோதனைத் துண்டை ஒரு மணி நேரம் உள்ளே வைத்துத் தருவார்கள். பாதியை வெளியே வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். மாறவில்லை என்றால் அந்தக் கலவையை நம்பி அடிக்கலாம். வீட்டில் சமைக்கிற ஓவனில் இதைச் செய்யாதீர்கள்.

அறிகுறி: உரிகிறது, சுருங்குகிறது, வெளுக்கிறது

தகடாக உரிந்தால் எண்ணெய். வார்ப்பு இரும்பின் நுண்ணிய குழிகளில் எண்ணெய் ஊறிக் கிடக்கும், துடைத்தால் போகாது. மாதிரி எடுத்து முடித்தாயிற்று என்றால் இப்போது தாராளமாகக் காஸ்டிக்கில் போடலாம், பிளாக்குக்கு மட்டும். அலுமினியப் பாகங்களைக் காஸ்டிக் தின்றுவிடும். வந்ததும் நன்றாகக் கழுவி, ஹாட் ஏர் கன்னால் லேசாகச் சூடாக்குங்கள். எண்ணெய் கசிந்து வந்தால் தின்னரால் துடைத்து மறுபடி சூடாக்குங்கள். கழுவிய வெறும் இரும்பு சில மணி நேரத்திலேயே துருவேறும், அதனால் அன்றைக்கே பிரைமர் ஏறியாக வேண்டும். மறுநாளைக்கு விட்டால் பச்சையின் வழியே பழுப்புப் புள்ளிகள் எழும்பும்.

இரண்டாவது கோட்டில் தோல் சுருங்கினால், காய்ந்தும் காயாத எனாமல் மேல் அடித்திருக்கிறீர்கள், அல்லது எனாமலின் மேல் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் கலந்ததைப் போட்டிருக்கிறீர்கள். சரிக்கட்ட வழியில்லை. எடுத்துவிட்டுத் திரும்ப அடிக்க வேண்டும்.

வெள்ளை படர்ந்தால் ஈரக் காற்று. ஐப்பசி, கார்த்திகையில் வேகமாக ஆறும் தின்னர் போட்டால் காற்றிலுள்ள ஈரம் படலத்தின் மேல் இறங்கிவிடும். மழை விட்ட நாளாகப் பார்த்து, மெதுவாக ஆறும் தின்னரோடு அடியுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரை வெயிலில் நேர் எதிர்த் தொல்லை. ஸ்ப்ரே கன்னிலிருந்து கிளம்பிய பெயிண்ட் இரும்பைத் தொடுவதற்குள் பாதி காய்ந்து, மணல் தெளித்த மாதிரி விழும். அந்த மாதத்தில் விடியற்காலை ஆறு மணிக்கு அடித்தால்தான் உண்டு.

அறிகுறி: கார்பரேட்டருக்குக் கீழே மட்டும் பெயிண்ட் கரைந்து போகிறது

பெட்ரோல் சொட்டுகிறது. ஏ-சீரிஸில் கார்பரேட்டரும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம் இருப்பதால் இது நிறப் பிரச்சினை மட்டுமல்ல, தீப்பிடிக்கும் பிரச்சினை. முதலில் கார்பரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஊசியான ஃப்ளோட் நீடிலையும் இணைப்புகளையும் பாருங்கள். கசிவு நின்ற பிறகு பெயிண்டுக்கு வரலாம். எனாமல் பெட்ரோலுக்கு இளகும். ஹார்ட்னர் என்ற இறுக்கும் திரவம் கலந்த பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்ட் நன்றாகவே தாங்கும். சோதனைத் துண்டில் பெட்ரோல் நனைத்த பனியன் துணியைப் பத்து நிமிடம் வைத்துத் துடைத்துப் பாருங்கள், துணியில் பச்சை ஏறக் கூடாது. மூன்றாம் தடவை நான் அடித்தது அரைப் பளபளப்பு பி.யு. அதன் ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். கைக்குட்டையோ துணி மாஸ்க்கோ இதற்குப் பயன்படாது. வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தமான காற்று ஊட்டும் மாஸ்க் போட்டு, காற்றோட்டமுள்ள இடத்தில் அடிக்க வேண்டும். பெயிண்டர் மாஸ்க் இல்லாமல் நின்றால் நீங்களே ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

அடிக்கும் முன், முன் தகட்டில் குழித்துத் தேய்த்த அந்த நாணய அளவு இடத்தின் மேல் மாஸ்கிங் டேப்பை வட்டமாக வெட்டி ஒட்டினேன். எல்லாம் காய்ந்த பிறகு டேப்பை எடுத்துவிட்டு, இரும்பு துருவேறாமல் நிறமில்லாத வார்னிஷ் ஒரு தொடு தொட்டேன். டைனமோவை ஏற்றினால் அது மறைந்துவிடும். டேப்பட் கவரின் பழைய சில்லும், கலவை எழுதிய தாளும், மிச்சப் பெயிண்ட் ஐம்பது மில்லியும் ஒரு கண்ணாடிப் பாட்டிலோடு டூல்ஸ் பையில் இருக்கின்றன.